பெரியவரின் அரை மூச்சு

போஸ்டரில் முதன்முறையாக அவர்கள் நால்வரின் படம்தான் பெரிதாக இருந்தது. டிரம்ஸ்காரன் அதன் முன் நின்று இரண்டு முறை பார்த்தான்.

பல வருடம், பெரியவர் என்று அவர்கள் அழைத்த பாடகர் முன்னால் நின்று பாடினார்; அவர்கள் பின்னால் இருட்டில் நின்று வாசித்தார்கள். வயதாக ஆக, ஒவ்வொரு வரியையும் எடுக்குமுன் பெரியவருக்கு அரை மூச்சு கூடுதலாக வேண்டியிருந்தது. அவர் தோள் ஏறி இறங்கும்வரை டிரம்ஸ்காரன் கையை ஓங்கியபடியே காத்திருப்பான். கேட்பவர்களுக்குப் பெரியவர் ஒருநாளும் பிந்தியதே இல்லை. பிறகு அவருக்குக் குரல் போயிற்று. நால்வரும் நடுத்தெருவில் நின்றார்கள். கிட்டார் வாசித்த, டிரம்ஸ்காரனின் மச்சினன் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடத் தொடங்கினான். முதலில் பிறருடைய நிகழ்ச்சிக்கு முன்னால் ஒப்புக்கு வாசித்தார்கள்; இன்று பிறர் இவர்களுக்கு முன்னால் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒப்பனை அறையில் மச்சினன் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கற விஷயம்னாத்தானே இப்படி ஆரம்பிப்பே. சொல்லுடா."

"நம்ம பாட்டைப் பதிவு பண்ணவர் சொன்னாரு. ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் டிரம்ஸ்ல ஒரு ஓட்டை விழுதாம். 'யாருக்காக நிக்கறீங்க'ன்னு கேட்டாரு."

"பஸ் போய் எவ்வளவு நாளாச்சு, மாமா இன்னும் ஸ்டாப்புலயே நிக்கறாரு" என்றான் பேஸ் கிட்டார் வாசிக்கும் பூசணி. எல்லோரும் சிரித்தார்கள். டிரம்ஸ்காரனும் சிரித்தான்.

மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. "வேற ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன் மாமா. முதல் பாட்டு நீங்க வாசிங்க. ஓட்டை விழலைன்னா நீங்கதான் எப்பவும். விழுந்துச்சுன்னா, ரெண்டாவது பாட்டுலேர்ந்து அவர்."

டிரம்ஸ்காரன் பையிலிருந்து குச்சிகளை எடுத்தான்.

"உங்க அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

மேடையேறும்போது புதியவன் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக எழுந்து நின்றான். அந்த மரியாதைதான் டிரம்ஸ்காரனைக் கொன்றது. டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த முக்காலியை விட்டால் அவனுக்கு உட்கார உலகத்தில் வேறு இடமில்லை.

விளக்கு விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்காகவும் நிற்காமல், சரியான கணத்தில் அடித்தான்.

அவன் மட்டும்தான் அடித்தான். கிட்டாரும் பேஸும் கீபோர்டும் பின்னால் வந்து மோதின, படிக்கட்டில் பாத்திரம் உருண்டதுபோல. அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தான். அடுத்த வரிக்கு மனதுக்குள் எண்ணி, சந்தேகத்துக்கே இடமில்லாமல் அடித்தான். மறுபடியும் அதேதான்.

அப்போதுதான் பார்த்தான். மூன்று பேரின் தோள்களும் ஒன்றாக ஏறி, ஒன்றாகக் காத்திருந்து, ஒன்றாக இறங்கின. பெரியவரின் மூச்சுக்குக் காத்திருந்தது அவன் மட்டுமல்ல. அவனுடைய சத்தம் பெரிது என்பதால் ஓட்டை அவனுடையதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். எங்கோ ஒரு விசில் எழுந்தது. மச்சினனின் குரல் நடுங்கியது. தண்ணீரில் மூழ்குகிறவனைப்போல அவன் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கச்சேரி பார்க்க வந்த அதே முகம்.

சரியாக அடித்தால் முக்காலி மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

டிரம்ஸ்காரன் கையை ஓங்கினான். அப்படியே வைத்திருந்தான். அரை மூச்சு கழித்து இறக்கினான்.

நான்கு பேரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தார்கள். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்தே நின்றது. மச்சினன் முகம் தெளிந்து கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டான். அதன்பின் அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

திரைக்குப் பக்கத்தில் புதியவன் அடுத்த பாட்டுக்காகக் குச்சிகளை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவனிடம் சொல்லலாம், இந்த மூன்று பேரும் உனக்கும் பிந்தித்தான் வருவார்கள் என்று. பாட்டுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? பாட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிரம்ஸ்காரன் ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்து, காத்திருந்து, அடித்தான்.