மழைக் கணக்கும் அனுப்பும் வரிசையும்

ஆற்று வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்கும் அலுவலகத்தில் அவள் நிரலாளர். அங்கே பதினாறு கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். பன்னிரண்டு புதியவை, நான்கு அரதப்பழசு. பழையவற்றுக்கு அலுவலகத்தில் ‘பெருசுங்க’ என்று பெயர்.

போன வருடம் வெள்ள எச்சரிக்கை பிந்திப் போனது. ஆற்றோரக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த அக்காவின் கணவர், இரண்டு காவலாளிகளை வெளியே அனுப்பிவிட்டு மூன்றாமவரைத் தேடி உள்ளே போனார். திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவள் அன்றைய பதிவுகளைத் திறந்தாள். கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்கின் ஒவ்வொரு சுற்றிலும் தலைமைக் கணினி மழை அளவுகளை மற்றக் கணினிகளுக்கு அவற்றின் எண் வரிசைப்படி அனுப்பியிருந்தது. முதல் நான்கு எண்களும் பெருசுகளுடையவை. அவை ஆற அமர வாங்கி மற்றவற்றுக்குக் கைமாற்றும்வரை புதியவை சும்மா கிடந்தன. எல்லாச் சுற்றுகளையும் கூட்டினாள். இருபத்தாறு நிமிடத் தாமதம்.

மேலாளரிடம் போனாள்.

“ஓடுறதை ஏம்மா நோண்டுறீங்க?”

“ஓடல சார். நொண்டுது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “சரி, மாத்துங்க. நல்லா சோதிச்சுட்டுப் போடுங்க.”

புது வரிசையில் வேகமானவை முதலில் வாங்கும். வாங்கிய கையோடு அடுத்ததற்குக் கொடுக்கும். பெருசுகள் கடைசியில் வாங்கும். யாருக்கும் கடத்த வேண்டாம். எழுதிச் சோதிக்க மூன்று வாரம் ஆனது.

இந்த வருடம் ஒரு பிற்பகலில் ஆறு பொங்கியது. எச்சரிக்கை உரிய நேரத்தில் போனது. கரையோரத் தெருக்கள் காலியாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அலுவலகத்தில் கைதட்டினார்கள். அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவை என்னடி மாத்தினே?”

“அனுப்புற வரிசையைக்கா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதைப் போன வருஷமே செஞ்சிருக்கலாமா?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சாக்குகளை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னாள்.

“செஞ்சிருக்கலாம். அந்த வரிசை சரியில்லைன்னு அப்பவே தெரியும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

அக்காவின் கைகள் நின்றன. நிமிராமலே சொன்னாள்.

“இன்னைக்குக் கிளம்பு. என்னால உன்னைப் பாக்க முடியல.” பிறகு, “ஞாயித்துக்கிழமை வா.”

ஞாயிறன்று போனாள். கதவைத் திறந்த அக்கா சற்று ஒதுங்கி, அவள் உள்ளே வர வழிவிட்டாள்.