இங்கிலாந்தும் ஜப்பானும் ஒரே சஹனில்

ஃபஸ்லானுக்குக் கல்யாணமாகி எட்டே எட்டு நாள். கற்பிட்டியிலிருந்து தில்லையடிக்கு, மனைவி ஷிஹாராவின் வீட்டுக்குக் குடிவந்த மாப்பிள்ளை. வந்த இடத்தில் இப்படியொரு வில்லங்கம் காத்திருக்குமென்று யார் கண்டது?

ஷிஹாராவுக்கு இரண்டு நானாமார், அதாவது அண்ணன்மார். மூத்தவர் ரிஃபாஸிடம் ஐம்பது வருஷப் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் பைக். இளையவர் ஹுனைஸிடம் அதே காலத்து ஜப்பான் பைக். எது திறமென்று பதினைந்து வருஷமாக வாய்ச்சண்டை. அந்த வீட்டில் இன்னும் தீர்ப்புச் சொல்லாத ஆள் புது மாப்பிள்ளைதான்.

"வெள்ளிக்கிழமை காலைல ரெண்டையும் ஓடிப் பாருங்க மச்சான். ஜும்ஆ முடிஞ்சு சாப்பாட்டுல சொல்லுங்க" என்றுவிட்டார்கள்.

ஃபஸ்லானுக்குத் தூக்கம் போனது. "ஒருத்தர நோகடிச்சாலும் நான் முடிஞ்சன். காலம் முழுக்க இந்த வளவுலதானே இருக்கணும்" என்று ஷிஹாராவிடம் புலம்பினான்.

அவளுக்குச் சிரிப்பு. "பொய் மட்டும் சொல்லிராதீங்க. ரெண்டு பேரும் உடனே புடிச்சிருவாங்க."

உப்பளத்து ரோட்டில் முதலில் ஜப்பான். பொத்தானைத் தொட்டதும் ஸ்டார்ட். வளைவில் சாய்த்தால் சொன்ன பேச்சுக் கேட்டது. மருந்துக்கும் ஒரு குறையில்லை.

இங்கிலாந்துக்காரன் ஆறு உதை வாங்கித்தான் கண் திறந்தான். ஆனால் கிளம்பியதும் அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சைத் தட்ட, ஃபஸ்லான் தன்பாட்டில் சிரித்தான். சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனான். அந்தப் பழைய பைக்குக்கு பிரேக் இடக்காலில், கியர் வலக்காலில். ரோட்டு நடுவில் ஒரு கழுதை. வலக்காலை அமுக்கினான். கியர்தான் கூடியது. கழுதையை விலத்தி நேரே உப்புப் பாத்திக்குள் போய் விழுந்தான்.

ரோட்டோரம் நின்ற ரிஃபாஸ் ஓடிவந்து மாப்பிள்ளையைத் தூக்கினார், பைக்கைத் தூக்கினார், வீட்டுக்குத் தள்ளிவந்து நல்ல தண்ணீரால் கழுவினார்.

ஜும்ஆ முடிந்து மூவரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடும்போது முகத்தை எங்கே திருப்புவது?

"ம், சொல்லுங்க மச்சான்" என்றார் ஹுனைஸ்.

ஃபஸ்லான் சோற்றைப் பார்த்தபடியே சொன்னான். "பைக்கெண்டா ஜப்பான்தான் திறம். அதுல நான் விழல்ல. ஆனா திரும்ப ஒருக்கா ஏறச் சொன்னா, என்னை விழுத்தினதுலதான் ஏறுவன்."

ரிஃபாஸின் கை சோற்றிலேயே நின்றது. ஹுனைஸ் தலைகுனிந்துகொண்டார்.

"எனக்கும் பதினைஞ்சு வருஷமா அந்த ஆசதான்" என்றார் மெதுவாக. "நானா ஒருநாளும் ஓடத் தரல்ல. அந்தக் கோவத்துலதான் ஜப்பான வாங்கின."

"ஒருக்கா கேட்டிருக்கலாமேடா?"

"கேட்டா தந்திருப்பீங்களா?"

ரிஃபாஸ் கொஞ்சம் யோசித்தார். "இல்லதான்."

வலக்கையெல்லாம் சோறு. இடக்கையால் சாரன் மடிப்பைத் துழாவிச் சாவியை எடுத்துத் தம்பியின் மடியில் போட்டார்.

"இடக்கையால தாறன், குறை நினைக்காத" என்றார். "கை கழுவிட்டு வந்தா மனசு மாறிரும்."