சபை ஏறிய பின்னறை

என் மச்சினன் கணேசமூர்த்தி வடக்கு மாகாண சபையில் எழுந்து நின்று எங்கள் வீட்டுப் பின்னறையைப் பற்றிப் பேசியதை, மஸ்கெலியா டவுனில் நிப்ராஸின் போன் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். ரீலோட் போடப் போன என்னிடம், இது உங்கள் தோட்டம்தானே என்று கேட்டு அவன் தன் போனை நீட்டினான்.

திரையில் மச்சினன். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, முன்னால் ஒரு மைக். ஆரம்பத்தில் நன்றாகத்தான் பேசினான், அதை மறைக்க மாட்டேன். எண்பத்துமூன்று கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய சனத்துக்கு இன்னும் காணி உறுதிப் பத்திரம் இல்லை என்றான். வோட்டுக் கேட்க மட்டும் அவர்கள் வாசலுக்குப் போகிறீர்களே என்று சொந்தக் கட்சிக்காரர்களையே பார்த்துக் கேட்டான். அதோடு உட்கார்ந்திருக்கலாம். சனியன் உட்காரவில்லை. எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

"அங்க என்ர சொந்த அக்கா, மகளைக் கட்டிக் குடுக்க இடமில்லாமல், லயத்துக்குப் பின்னால துரைக்குத் தெரியாமல் களவா ஒரு அறை கட்டியிருக்கிறா. இதுதான் எங்கட சனத்தின்ர நிலைமை" என்று அவன் முடித்தபோது சபையில் இருந்தவர்கள் பாராட்டி மேசையில் தட்டினார்கள்.

நல்ல பேச்சு என்றான் நிப்ராஸ். நான் ரீலோட் போடாமலே வீட்டுக்கு நடந்தேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. மண்ணும் சுவரும் கூரையும் கம்பனிக்குச் சொந்தம். பின்பக்கம் நாலு தகரம் அடிப்பதென்றாலும் அனுமதி வேண்டும். கேட்டால் கிடைக்காது, அதனால் யாரும் கேட்பதில்லை. பாதி லயத்தில் பின்னறை இருக்கிறது. கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒரு சாராயப் போத்தலை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். தோட்ட மேனேஜரான துரை அந்தப் பக்கம் நடக்க மாட்டார். யாரும் வாயைத் திறக்காதவரை எல்லோருக்கும் நிம்மதி. லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கணேசமூர்த்தியும் இதே லயத்தில் பிறந்தவன்தான். கலவரத்தின்போது சித்தப்பன் குடும்பத்தோடு வடக்கே போனவன், போன இடத்தில் இதை மறந்துவிட்டான். அறை கட்டிய சந்தோஷத்தில் பேச்சியம்மா, அதாவது என் மனைவி, தம்பிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் அதைக் கொண்டுபோய்ச் சபையில் வைத்துவிட்டான்.

அந்த அறை எங்கள் மகள் பிரியந்திக்கு. மாப்பிள்ளை தனுஷனுக்கு ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவர்கள் வீட்டுக் காம்பராவில் ஏற்கனவே இரண்டு அண்ணன்மார் குடும்பம் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. இங்கே தனி அறை இருக்கிறது என்றுதான் சம்பந்தத்துக்குச் சரி சொன்னார்கள். தை பிறந்தால் கல்யாணம்.

ஒரு வாரம் போகவில்லை. காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடி நின்றபோது துரை வந்தார். கொழும்பில் கம்பனிப் பெரியவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டார்களாம். சபையில் சொன்ன அறையை இடித்துப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். அது யாருடைய அறை என்று தெரியாவிட்டால் எல்லாப் பின்னறையையும் இடிக்க வேண்டிவரும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சியோடு ஒருத்தியும் பேசவில்லை. அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடத்தை நகர்த்தினார்கள். சங்கத் தலைவர் முத்துலிங்கம் எங்கள் வாசலைத் தாண்டும்போது காறித் துப்பினார். அவர் வீட்டுப் பின்னறையில் மகனும் மருமகளும் கைக்குழந்தையும் இருந்தார்கள். யாரும் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை, அதற்காக மன்னிக்கவும் இல்லை.

வழியைச் சொன்னது கண்டாக்குதான். போத்தல் கதை வெளியே வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. துரைக்கும் லயத்தில் கலாட்டா வேண்டாமாம். அந்த மெம்பரே இங்கே வந்து, நான் சொன்னது பொய் என்று துரை முன்னால் சொல்லட்டும், துரை அதைக் கம்பனிக்கு அனுப்பி விஷயத்தை மூடிவிடுவார் என்றார். பேச்சி உடனே தம்பிக்குப் போன் பண்ணி வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் சாயந்தரம் வந்து இறங்கினான். கையில் ஒரு பைல். "அத்தான், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றுதான் உள்ளே நுழைந்தான். நாங்கள் மச்சான் என்போம். அவன் அத்தான் என்றாலே எனக்குக் காது கூசும். துரையை நேரில் சந்திக்கப் போகிறானாம், சட்டத்தரணி ஒருவரிடம் பேசிவிட்டானாம், பத்திரிகைக்காரர்களையும் கூட்டி வருவானாம். சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கு ஏறியது.

"யாரு கேட்டா ஒன்னைய? எங்க வீட்டு மானத்த வித்துக் கைதட்டு வாங்கிட்டு வந்து நிக்கிற. நீ பேசிட்டுப் போயிருவ, இடிபடுறது நாங்க" என்றேன்.

"உங்களுக்காகத்தானே கதைச்சனான்" என்றான்.

பேச்சி தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். உட்காரவில்லை.

"காலையில பெரட்டுல தொரை கேப்பாரு. இங்க எனக்கு அக்கா இல்ல, சபையில சொன்னது பொய்யின்னு சொல்லிட்டுப் போயிரு."

அவன் முகம் செத்துவிட்டது. முடியாது என்றான். சபையில் பேசியது பதிவாகிவிட்டது, எதிராளிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அக்கா கதை பொய் என்றால் காணி உறுதிக் கதையும் பொய் என்பார்கள், அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டான். எங்கள் முகத்தில் எப்படி விழிக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவன் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான். "பிரியந்திக்கு நான்தானே தாய்மாமன். அக்கா இல்லையெண்டு சொல்லிப்போட்டு கலியாணத்துக்கு எப்பிடி வாறது?"

கல்யாணத்துக்குத் துரையும் வருவார், கண்டாக்கும் வருவார், இவன் தாய்மாமனாக வந்து நின்றால் எல்லாம் வெளியே வந்துவிடும். பேச்சி அதை யோசிக்காமல் இருந்திருப்பாளா?

"வராத" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அறை இல்லன்னா கல்யாணமே இல்ல. நீ வரலைன்னா கல்யாணம் நிக்காது."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். மஸ்கெலியாவில் ரூம் போட்டிருந்தான். மேசை தட்டலுக்குப் பழகிப்போனவன் இதைச் செய்ய மாட்டான், வண்டி நேரே கிளிநொச்சிக்குத்தான் போகும் என்று பேச்சியிடம் சொன்னேன். அவள் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனால் காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து நின்றான். அதே வெள்ளைச் சட்டை, கசங்கியிருந்தது. இவன் இங்கேயும் பிரசங்கம் செய்யப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கண்டாக்கு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "மெம்பர் மாத்தயா, ஒங்க அக்கா இங்க இருக்கா?" என்று துரை சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். பேச்சி கூடையோடு முன்வரிசையில்தான் நின்றாள். அவன் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். மற்ற முகங்களில் நின்ற அளவுதான் அவள் முகத்திலும் அவன் கண் நின்றது.

"எனக்கு அக்கா யாரும் இல்லைங்க" என்றான். "கைதட்டு வாங்குறதுக்குச் சும்மா சொன்னேன். அது பொய்யிங்க."

வடக்கே போனபின் அவன் எங்கள் தமிழில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

துரை தலையை ஆட்டினார். அப்போது பின்னாலிருந்து முத்துலிங்கம் ஒரு கூப்பாடு போட்டார். எங்கள் பெயரை வைத்து அரசியல் செய்ய வந்தாயா என்று கேட்டார். உடனே பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பொய்யன், கூத்தாடி என்று ஊளை கிளம்பியது. அவன் பேச்சியின் கூடப்பிறந்தவன் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அவனோடு கோலிக்குண்டு விளையாடியவர்களும் அதில் நின்றார்கள். கண்டாக்கின் போனில் நன்றாக விழட்டும் என்றுதான் கத்தினார்கள். நானும் கத்தினேன். மற்றவர்கள் நடித்தார்கள், நான் நடிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்கு நடந்தான். யாரோ எறிந்த மண்ணாங்கட்டி முதுகில் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வீடியோ வடக்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அடுத்த சபையில் அவன் எழுந்ததும், இன்றைக்கு எந்த அக்கா என்று கேட்டுச் சிரித்தார்களாம். காணி உறுதியைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே விடவில்லையாம். இதையும் நிப்ராஸ்தான் போனில் காட்டினான். நான் முழுதாகப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு தகரமும் இறங்கவில்லை. பீலியடியில் பேச்சியோடு பேச ஆரம்பித்தார்கள். தை மாதம், தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். துரை முன்வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் கண்டாக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிரியந்தி கூறைப் புடவையோடு வந்து மணவறைப் படியில் நின்றாள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து ஏற்றினால்தான் பெண் ஏறுவாள்.

"தாய்மாமன் வாங்க" என்றார் ஐயர்.

யாரும் அசையவில்லை. தாய்மாமன் இடத்தில் முத்துலிங்கத்தை நிறுத்துவதாக முன்பே பேசி வைத்திருந்தோம், ஆனால் மனிதருக்குக் கால் எழவில்லை. ஐயர் வெளியூர்க்காரர். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார், பிறகு பேச்சியைப் பார்த்து, உங்கள் தம்பியோ அண்ணனோ வரவில்லையா என்று கேட்டார். கண்டாக்கும் திரும்பி அவளைப் பார்த்தார். பெரட்டில் ஊளையிட்ட வாய் ஒன்றும் அப்போது உதவிக்கு வரவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சி துரை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லைங்க சாமி" என்றாள். "எங்கூடப் பொறந்தவங்கன்னு யாருமில்ல."

பிரியந்தி அழத் தொடங்கிவிட்டாள். பெண் அழுவது வழக்கம்தான் என்று துரை நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே கை தட்டினார். முத்துலிங்கம் எழுந்து வந்து மாலையை வாங்கினார். நான் பேச்சியின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தட்டிவிட்டாள்.