இடது பக்கம் கொஞ்சம் கம்மி

ஆடியோ கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார். ஒன்று சோப்பு டப்பா அளவு, இன்னொன்று செங்கல் கனம். "ரெண்டையும் வீட்ல வெச்சுக் கேளுங்கக்கா. பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுங்க. எது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க காதுக்கு முன்னாடி என் காது எந்த மூலைக்கு?"

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. அவள் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவள். பள்ளிக்கூடங்கள், அரங்கங்கள், வசதியான வீட்டுக் கூடங்கள் என்று இத்தனை வருஷம் அந்தக் காதுதான் சோறு போட்டது. போன வாரம் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். மேல் கட்டைகளில் இரண்டு மூன்று ஒட்டவில்லையாம். மழை, ஈரம், மரம் ஊதிப்போயிருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சரிசெய்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒரே கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. கோளாறு மரத்திலா, தன் காதிலா? காதில் என்றால் பிழைப்பு போச்சு.

கணவருக்கு இந்தக் கவலை எதுவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் போட்டுக் கொடுப்பவர். பழைய சாமான் கடையில் ஒரு ரெக்கார்டு பிளேயரைப் பார்த்ததும் கால் தரையில் நிற்காமல் வாங்கி வந்துவிட்டார். நேராக ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் கொசு பாடுவது போலக் கேட்டது. அதற்குத்தான் இந்தப் பெட்டி, ஃபோனோ ஆம்ப்ளிஃபையர், தேவைப்பட்டது.

அது எதற்கு என்று கடைக்காரர் சொன்னதை அவள் விழுந்து விழுந்து கேட்டிருந்தாள். இசைத்தட்டு வெட்டும்போது கனத்த ஒலிகளை அப்படியே விட்டால் பள்ளம் அகலமாகிப் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதனால் அவற்றை அமுக்கி, மெல்லிய ஒலிகளைத் தூக்கி வெட்டுவார்கள். பெட்டி அமுக்கினதை எழுப்பும், தூக்கினதை இறக்கும், ஊசியின் முனகலையும் பெரிசாக்கிக் கொடுக்கும். ஒரு சின்ன டப்பாவுக்குள் இத்தனை வேலையா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தன் கவலையைக்கூட அரை நாள் மறந்திருந்தாள்.

முதலில் சின்னப் பெட்டி. சொருகியதும் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். "கோபமா இருக்கு போல" என்றார் அவர். பிளேயரின் பின்னால் ஒரு மெல்லிய எர்த் கம்பி அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பெட்டியின் திருகில் மாட்டி இறுக்கியதும் இரைச்சல் அடங்கியது.

ஒரே மைக்கில் பதிந்த பழைய பியானோத் தட்டு ஒன்றைப் போட்டார்கள். அதில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். நடுவில் உட்கார்ந்தால் பியானோ நேர் எதிரே நிற்க வேண்டும். அவளுக்கு அது வலது பக்கம், ஜன்னலோரமாக நகர்ந்து நின்றது.

"இடது பக்கம் கொஞ்சம் கம்மியா இல்ல?" என்று கேட்டாள்.

அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவள் முகத்தை ஒரு தரம் ஏறிட்டார். "ஆமா. எனக்கும் அப்படித்தான் படுது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கும் கம்மி என்றால் கோளாறு சாமானில்தான். அது எங்கே ஒளிந்திருந்தாலும் விடுவதில்லை என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பிளேயரிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் பெட்டியில் இடம் மாற்றிச் சொருகினாள். ஊசியில் கோளாறு என்றால் கம்மி இப்போது வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஊசி நிரபராதி. சின்னப் பெட்டியைக் கழற்றிச் செங்கல் பெட்டியை வைத்தாள். சத்தம் இன்னும் கனமாக, நிதானமாக வந்தது. ஆனால் பியானோ ஜன்னலோரத்தை விட்டு அசையவில்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஸ்பீக்கர் வயர்களை மாற்றினாள். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குப் பேசாம நாமளே பாடியிருக்கலாம்" என்றார். பியானோ எதற்கும் மசியவில்லை.

"இடது பக்கக் கதவுல கோட்டு தொங்குதே, அது சத்தத்தைக் குடிக்குதோ என்னமோ" என்றார். கோட்டுகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். கதவு மொட்டையாக நின்றது. இடது பக்கம் அப்படியே கம்மி.

இனி சோதிக்க ஒரு சாமானும் பாக்கி இல்லை. அவள் நாற்காலியைப் பார்த்தாள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை அது. எந்த வயரையும் தொட வேண்டாம், திரும்பி உட்கார்ந்தால் போதும். பியானோ ஜன்னலோரமே நின்றால் குற்றம் அறையில் எங்கோ இருக்கிறது. கதவோரம் வந்துவிட்டால் குற்றம் அவள் தலைக்குள் இருக்கிறது. அதற்குப் பயந்துதான் இத்தனை நேரம் வயர் வயராகச் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

நாற்காலியின் முதுகைப் பிடித்ததும் அவர் எழுந்தார். "நேரமாச்சும்மா, சாப்பிடலாம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"ஒரே நிமிஷங்க."

நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பியானோ கதவோரம் வந்து நின்றது. மறுபடி முன்பக்கம் திரும்பினாள், ஜன்னலோரம். பின்பக்கம் திரும்பினாள், கதவோரம். அவள் எப்படித் திரும்பினாலும் அது அவளுடைய வலது பக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி முளைத்தது.

"ஏங்க, கம்மியா இருக்கிறது என் காதுலதான். அப்ப உங்களுக்கு எப்படிக் கம்மியா கேட்டுது?"

அவர் தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கேக்கல. ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருந்துச்சு. நீ கொஞ்ச நாளா போனை வலது காதுக்கே மாத்தி மாத்தி வெச்சுக்கறே. நான் இடது பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா திரும்பறதில்ல. சொன்னா நீ இடிஞ்சு போயிடுவேன்னு பயந்தேன்."

"நீங்க கண்ணு செக் பண்றவர்தானே? கடைசி வரி எழுத்து தெரியலைன்னு ஒருத்தர் வந்து சொன்னா, எனக்கும்தான் தெரியலைன்னு சொல்லி அனுப்பிடுவீங்களா?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்கத் தன்னை ஸ்பீக்கர் தூக்க வைத்தாரே என்று இருந்தது. தானும் சேர்ந்து தூக்கினாரே, இடுப்பு வலியோடு, என்றும் இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்ட போறோம். ஆனா ஒரு பெட்டியைத் திருப்பிக் குடுக்கணும், எதைன்னு என்னால இப்ப முடிவு பண்ண முடியாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

சின்னப் பெட்டியில் ஒரு தரம், செங்கல் பெட்டியில் ஒரு தரம், அதே பியானோவை ஓடவிட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"அதுக்குத்தானே உட்கார வெச்சிருக்கேன்."

"எனக்கு ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. சாயங்காலத்துலேர்ந்து நீ தலையாட்டினப்ப எல்லாம் நானும் ஆட்டினேன், அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அவர் பதறிப்போய் எழுந்து அவள் இடது பக்கம் வந்தார், பிறகு நினைவு வந்து வலது பக்கம் மாறி நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாலும் நீங்க பக்கத்துல இருந்து கேளுங்க" என்றாள். "எனக்குக் கேக்காததை எனக்குச் சொல்லுங்க. இப்ப சொன்னீங்களே, அப்படியே சொல்லுங்க."