கல்லுக்கான அளவு

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் கல்லறைக் கல்லில், அவள் பெயருக்குக் கீழே தனக்காக விட்டுவைத்திருந்த இடத்தில், அதே எழுத்தில், அதே உயரத்தில் தன் பெயரும் வர வேண்டும். எழுத்துரு வரைந்து பிழைக்கிற மகனிடம் கேட்கக் கூடாத வரமா என்ன? அதைக்கூடச் செய்யத் துப்பில்லாதவன் நான்.

அம்மாவின் பெயரைப் பொறித்திருந்தது ஊரெல்லாம் பார்த்துப் பழகிய எழுத்து. நுனியில் குஞ்சம் ஏதும் வைக்காத மொட்டை எழுத்து. பேருந்துப் பலகை, ஆஸ்பத்திரிக் கதவு, தண்ணீர்க் கட்டண ரசீது எல்லாவற்றிலும் அதுதான். ஒல்லி, நடுத்தரம், தடி என்று ஒன்பது உருப்படிகள் கொண்ட பெரிய குடும்பம். அதைப் புதுப்பிக்கும் வேலை மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நான்தான் தலைமை. அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. செல்போன் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தின் வயிற்றையும் கொஞ்சம் அகட்டினேன். சாய்வாக முடிந்த வால்களை நேராக நறுக்கினேன். பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு ஜெயித்தேன். பழைய பெயரிலேயே புதியது வெளிவந்து, கணினிகளில் பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த நாட்களில் ஒருமுறை அப்பா போன் செய்தார். அவர் தையல்காரர். அளவு விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார்.

"அம்மா கல்லுல இருக்கற எழுத்தையா மாத்தற?"

"ஆமாப்பா. ரொம்பப் பழசாயிடுச்சு."

"நான் போற வரைக்கும் அதை விட்டு வைடா."

"உங்களுக்காக ஊரையே நிறுத்தி வைக்க முடியுமாப்பா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் அப்பா போய்விட்டார். அலைச்சல் எல்லாம் அக்காவுடையது. கல் வெட்டுபவரிடம் போய், "அம்மாவோடது மாதிரியே இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் பழைய நோட்டைப் புரட்டி, எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, கணினியில் அதையே கொடுத்திருக்கிறார். வந்தது என் எழுத்து. அகலம் கூடுதல் என்பதால் இடத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்து அடக்கிவிட்டார். அவர் மேல் குற்றமே இல்லை. வெட்டுவதற்கு முன், விஷயம் தெரிந்த மகன் பார்க்கட்டும் என்று மாதிரித் தாளை எனக்குத்தான் அனுப்பினார்.

அதில் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. ஆனால் நான் பெயரைப் படிக்கவில்லை, எழுத்துகளைப் பார்த்தேன். என் வளைவுகள் கல்லில் எப்படி வரும் என்று பூரித்தேன். மூன்றாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் நெருக்கமாக இருப்பதாகப் பட்டது. "அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க. மத்தபடி பிரமாதம்" என்று பதில் போட்டேன். பெற்ற தகப்பனின் கல்லுக்கு நான் எழுதிய வார்த்தை அது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கல்லை மூடியிருந்த துணியை எடுத்ததும் அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏன்டா, அப்பா பேரு மட்டும் சின்னதா இருக்கு? அம்மா பக்கத்துல யாரோ மூணாவது மனுஷன் நிக்கற மாதிரி இருக்கே."

கல் வெட்டுபவர் கையைப் பிசைந்தார். "சுரண்டினா பள்ளமாயிடும் சார். புதுக் கல்லுதான் போடணும்."

"வாரா வாரம் அப்பா வந்து தொடச்ச கல்லு இது. தூக்கிப் போட விடமாட்டேன்" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அப்பாவின் அலமாரியை ஒழித்தோம். வாடிக்கையாளர்களின் அளவுக்கு வெட்டிய பழுப்புக் காகிதங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு குறிப்பு: கோட்டுக்கு, சட்டைக்கு, பள்ளிச் சீருடைக்கு. ஒரு சுருளை மட்டும் அக்கா என்னிடம் நீட்டினாள். 'கல்லுக்கு' என்று எழுதியிருந்தது.

பிரித்தேன். அப்பாவின் பெயர். ஏழு எழுத்துகளையும் கத்திரியால் வெட்டி எடுத்து, ஒரே நீளப் பழுப்புக் காகிதத்தில் வரிசையாக ஒட்டியிருந்தார். அதில் மூன்று அம்மாவின் பெயரிலும் உண்டு. அவற்றைக் கல்லின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுத்திருந்தார். மீதி நான்கையும் அதே எழுத்தில் அச்சான ஒரு பழைய ஆஸ்பத்திரி ரசீதிலிருந்து கட்டம் போட்டுப் பெரிதாக்கியிருந்தார். ரசீதையும் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். காகித மூலையில் இருந்த தேதி, அவர் போன் செய்ததற்கு மறுநாள். என்னை நம்பி எதையும் விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருக்கிறார்.

அன்று மாலையே கல்லறைக்குப் போனோம். காகிதத்தை அம்மாவின் பெயருக்குக் கீழே, என் எழுத்துகளின் மேலேயே விரித்தோம். உயரம் சரி. இரண்டு ஓரத்திலும் அம்மாவுக்கு இருந்த அதே ஒரு விரல் இடம். ஏதாவது ஒரு பிசகு கிடைக்காதா என்று தேடினேன். வால்களின் சாய்வைப் பார்த்தேன். மூன்றாம் எழுத்துக்கும் நான்காம் எழுத்துக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தேன். திருத்த எதுவுமில்லை.

"சரியா இருக்காடா?"

"சரியா இருக்குக்கா."

காற்று அடித்தது. ஆளுக்கொரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டோம். கையை எடுத்தால் அடியில் இருப்பது தெரியும். இருட்டும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.