கர்தினாலுக்கு மூன்று நாள்

1.

மனிதன் நீரிலிருந்து வந்தவன். நீரைப் பராமரிப்பவன் தன்னையே பராமரிக்கிறான்.

இந்த வரியை எழுதிவிட்டு அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த யோசப்பின் (என் மனைவி) எட்டி வாசித்தாள். "நீங்கள் குளிச்சு ரெண்டு நாள்," என்றாள்.

ஆகவே உண்மையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கதை குருநகரில், எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், சிமியோன் அண்ணையின் தொட்டிக்குள் பிறந்தது. [பிறந்தது என்பதைவிடச் செத்தது என்பது சரி. பிறகு பார்ப்போம்.] கீழே என் பெயர் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும் என்ற ஆசையும் ஒரு காரணம்.

2.

சிமியோன் நாற்பத்தைந்து வருஷம் கடலுக்குப் போனவர். அவரைச் சந்தித்த எந்த மீனும் அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம் ஐந்து தங்கமீன்களை ஒப்படைத்துவிட்டுத்தான் மகள் ஜெசிதா பிரான்சுக்குப் போனாள். வலை கழுவின சீமெந்துத் தொட்டியை அவளே குளமாக்கியிருந்தாள்: நடுவில் அல்லி, மூலையில் கடலிலிருந்து வந்த முருகைக்கல், சுவரெல்லாம் பச்சைப் பாசி. வெள்ளை உடம்பும் சிவப்புத் தொப்பியுமாக இருந்த மீனுக்கு, திருச்சபையின் சிவப்புத் தொப்பிக்காரர் நினைவாகப் பெயர் கர்தினால். பின்னேரத்தில் அவள் கரண்டியால் விளிம்பில் மூன்று தரம் தட்டுவாள். கர்தினால் முன்னுக்கு வரும். மற்ற நாலும் பின்னால், திருநாள் சுற்றுப்பிரகாரம் போல.

அவள் போய் ஆறு வருஷமாகச் சிமியோன் தட்டினார். ஞாயிறு பூசை முடிய போனில் அவள் முகம் தெரியும். "அப்பா, முதல் அவரைக் காட்டுங்கோ." அவர் என்றால் கர்தினால்.

கரண்டிச் சத்தம் கேட்கிறபோதெல்லாம், மகள் பின்வளவில் நிற்கிறாள் என்று ஒரு கணம் அவருக்கு— [முடிக்கவில்லை. முடித்தால் ஒப்பாரியாகிவிடும்.]

3.

கலண்டருக்குப் பின்னால் அவள் எழுதிவைத்த தாள் இருந்தது: "தண்ணி முழுக்க மாத்த வேண்டாம், கால்வாசிதான். பைப் தண்ணியை ஒரு நாள் வாளியிலை வைச்சு விடுங்கோ. பாசியைச் சுரண்டாதேங்கோ."

ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்தார். ஆனால் அவள் லீவில் வருகிறாள் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடித்தார், கேற்றுக்குப் பெயின்ற் பூசினார். பச்சைத் தொட்டி மட்டும் கண்ணை உறுத்தியது. மீன்களை வாளியில் விட்டு, தொட்டியை இறைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்தார்.

[இந்த இடத்தில் அயலிலிருந்து படித்த மனிதர் ஒருவர் வந்து, "கிணத்துக்குப் போடுறதுதானே அண்ணை, ரெண்டு கரண்டி பிளீச்சிங் போடுங்கோ, கண்ணாடி மாதிரி வரும்," என்கிறார். இந்தப் பாத்திரம் கதைக்குத் தேவையில்லை. வெட்டிவிட்டேன்.]

அன்றிரவே மீன்களைத் திரும்பத் தொட்டியில் விட்டார். விடிய, தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஐந்தும் மேலே மிதந்தன.

சிமியோன் கர்தினாலைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், பெருவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு. "நல்ல மீன்," என்றார், சந்தையில் சொல்வது போல. பிறகு அப்படியே குந்திவிட்டார்.

4.

ஜெசிதா வர மூன்று நாள். பட்டணத்துக் கடையில் ஐந்து மீன் வாங்கினார். ஒன்றுக்குச் சிவப்புத் தொப்பி இருந்தது. ஆள் பாதி உயரம்.

"தவக்காலத்திலை மெலிஞ்சு போனார் எண்டு சொல்லுவம்," என்றேன் மதிலுக்கு மேலால்.

அவர் சிரிக்கவில்லை. தட்டினார். புதுக் கர்தினால் அல்லி இலைக்குக் கீழே ஓடி ஒளித்தது. "வா ராசா. தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒளிக்கிறியோ?" திரும்பத் தட்டினார்.

"பிள்ளையிட்டை உள்ளதைச் சொல்லுங்கோவன் அண்ணை."

"என்னெண்டு சொல்லுறது தம்பி? என்னை நம்பித் தந்தது அது ஒண்டைத்தானே."

5.

முடிவுகள்.

(அ) தட்டியதும் புது மீன் வருகிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

(ஆ) "உண்மையான கர்தினால் நான் போக முதலே செத்திட்டார் அப்பா, நானும் கடையிலைதான் வாங்கி விட்டனான்," என்கிறாள் ஜெசிதா. இதை வாசித்து யோசப்பின் அழுதாள். ஆகவே வெட்டிவிட்டேன்.

(இ) அவள்—

அவளை ஏற்றிவந்த வான் வந்துவிட்டது. பெட்டிகளை வாசலில் விட்டுவிட்டு ஜெசிதா நேரே பின்வளவுக்குப் போகிறாள். கரண்டியை எடுத்துவிட்டாள். சிமியோன் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கிறார். ஒன்று. இரண்டு. மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு அல்லி இலை மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் கிட்டப் போய்ப் பாருங்கள்.

தொட்டியடியில் கிடக்கும் பிளீச்சிங் தகரப்பேணி எங்கள் வீட்டுப் பேணி. மூடியில் என் பெயர் இருக்கிறது, பெரிய எழுத்தில்.