வரிசையில் ஒற்றைச் செருப்பு

ரொட்டிக்கடைக் கதவு இன்னும் திறக்கவில்லை. வரிசை மசூதித் திருப்பம் வரைக்கும் போயாயிற்று. லம்ஜித் தன் இடத்தில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் கால் நிற்க விடாது. பழைய அதிபர் காலத்தில், பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை கேட்டு ஊர்வலம் போனதற்காக ஸ்டேஷனில் கட்டிப்போட்டு உள்ளங்காலில் அடித்த அடி அது. சுரங்க ஊரான காஃப்ஸாவில் அது தெரியாதவர் கிடையாது. அதனால் அந்தச் செருப்பை யாரும் தள்ளுவதில்லை.

அன்று தடியைப் பிடித்திருந்த ஹாதியும் வரிசையில்தான் இருந்தான், நாலைந்து பேர் முன்னால். அந்த அதிபரை விரட்டிய புரட்சியோடு போலீஸ் உத்தியோகம் போய், இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறான்.

வீட்டில் லம்ஜித்தின் மனைவி ஸுஹ்ரா சர்க்கரை மாத்திரையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெறும் வயிற்றில் போட்டால் மயங்கி விழுவாள். போன வாரம் அப்படித்தான் விழுந்தாள். வீட்டில் ரவையும் இல்லை, மாவும் இல்லை. கடைக்கு மாவு லாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினிதான்.

ஹாதி தினமும் பாடும் பாட்டை எடுத்தான். அந்த மனுஷன் ஆண்டபோது இப்படித் தெருவில் நின்றோமா, நினைத்த நேரத்தில் ரொட்டி கிடைக்கவில்லையா என்றான். முன்பெல்லாம் யாராவது அவன் வாயை அடைப்பார்கள். எங்களை லாக்கப்பில் சாத்திவிட்டு நீ வீட்டில் போய்க் கறி தின்றாய் என்பார்கள். இன்று எவருக்கும் தெம்பில்லை. எல்லாரும் லம்ஜித்தைப் பார்த்தார்கள்.

லம்ஜித் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "அவன் சொல்றது நெசந்தான். அப்ப ரொட்டி இருந்துச்சு."

ஹாதி திரும்பி அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தான்.

கதவு திறந்தது. செருப்புக்கு இரண்டு ஆள் முன்னாலேயே ரொட்டி தீர்ந்துபோயிற்று. லம்ஜித் சுவரைப் பிடித்து எழுந்தான். ஹாதி திரும்பி வந்து, தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினான்.

"வச்சுக்கண்ணே. அண்ணி மாத்திரை போடணும்ல."

லம்ஜித் கை நீட்டினான். மற்றக் கை சுவரில் இருந்ததால் பிடி நிற்காமல் ரொட்டி நழுவி, செருப்பில்லாத காலின் மேல் விழுந்தது.

கீழே விழுந்த ரொட்டியை அங்கே யாரும் அப்படியே விடமாட்டார்கள். ஹாதி பதறிப்போய் மண்டியிட்டான். வீங்கிக் கிடந்த பாதத்தின் மேலிருந்து அதை இரண்டு கையாலும் எடுத்தான். மண்ணை ஊதினான். கண்ணை மூடி ரொட்டியை முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, லம்ஜித்திடம் கொடுத்தான்.